சோச்சா பள்ளத்தாக்கின் பழைய டோப்போ ஷீட்டுகள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

சென்ற இதழில் இத்தாலி–ஸ்லோவேனியா எல்லையை ஒட்டிய சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கின் பழைய நிலப்படங்களைப் பற்றி எழுதியிருந்தோம். ஆல்ப்ஸ் மலையின் ட்ரென்டா பள்ளத்தில் பிறந்து சுமார் 138 கி.மீ. ஓடிக் கடலில் கலக்கும் ஆறு அது. இத்தாலியர்கள் அதை இசோன்சோ என்பார்கள். 1915 முதல் 1917 வரை அதன் கரைகளில் 12 பெருஞ்சண்டைகள் நடந்தன. நூறு வருடத்துக்குள் ஆஸ்திரியா–ஹங்கேரி, இத்தாலி, யூகோஸ்லாவியா, ஸ்லோவேனியா என்று ஆட்சி கைமாறியதால், ஒரே மலையை வெவ்வேறு அலுவலகங்கள் வெவ்வேறு கணக்கில் வரைந்து வைத்திருக்கின்றன. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்குகளைப் பற்றியவை.

கே: நீங்கள் எழுதிய கோபரீத் என்ற ஊரை 1:75,000 படத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. படம் தவறா? (வாசகர், தஞ்சாவூர்)

படம் சரிதான். அந்தப் பழைய ஆஸ்திரியப் படத்தில் ஊருக்கு வேறு பெயர். ஜெர்மன் மொழியில் கார்ஃப்ரைட், இத்தாலியில் கபொரெட்டோ, ஸ்லோவேனிய மொழியில் கோபரீத். பக்கத்து ஊர்களும் அப்படித்தான்: தொல்மைன், தொல்மீனோ, தொல்மின் மூன்றும் ஒன்று, ஃப்ளிட்ஷ், ப்ளெட்சோ, போவெட்ஸ் மூன்றும் ஒன்று. இத்தாலிய ஆட்சியில் 1923 மார்ச் மாத அரசாணை ஒன்று இத்தாலியப் பெயர்களையே அதிகாரபூர்வமாக்கியது. அதற்குப் பிந்தைய இத்தாலியப் படங்களில் ஸ்லோவேனியப் பெயரைத் தேடிப் பயனில்லை.

பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பமும் உண்டு. 2,244 மீட்டர் உயரமுள்ள கிர்ன் மலைக்கு இத்தாலியப் படங்களில் மொன்டே நேரோ, அதாவது கருமலை, என்று பெயர். கிர்ன் என்பதைக் கறுப்பு எனப் பொருள்படும் ‘ச்சர்ன்’ என்று எடுத்துக்கொண்டு மொழிபெயர்த்ததன் விளைவு என்பதே வழக்கமான விளக்கம். மலை கறுப்பும் அல்ல, சுண்ணாம்புக்கல். ஆறுகளில் இன்னும் கவனம் வேண்டும். இத்தாலியில் யுத்ரியோ எனப்படும் எல்லை ஆற்றை ஸ்லோவேனியர்கள் இத்ரியா என்கிறார்கள். மோஸ்ட் நா சோச்சியில் சோச்சாவோடு கலக்கும் இத்ரியிட்சா முற்றிலும் வேறு ஆறு. பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பிப் புள்ளி வைத்தால் 20 கி.மீ. தள்ளிப் போய்விடுவீர்கள்.

இன்னொரு காரணமும் உங்கள் தேடலைக் கெடுத்திருக்கலாம். கோபரீத் கிட்டத்தட்ட 46°15' அட்சரேகையிலேயே இருக்கிறது. 1:75,000 ஷீட்டுகள் சரியாக அந்த ரேகையில்தான் வெட்டப்படுகின்றன. ஊர் தெற்கு ஷீட்டின் மேல் விளிம்பை ஒட்டிக் கிடக்கும், கிர்ன் மலையோ வடக்கு ஷீட்டில் இருக்கும். இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கே: 1:28,800 என்று ஒரு அளவா? 25,000 என்றோ 50,000 என்றோ முழு எண்ணாக ஏன் வைக்கவில்லை? (வாசகி, மதுரை)

அன்றைய வியன்னாக்காரருக்கு அதுதான் முழு எண். அவர்களின் நீள அளவு கிளாஃப்டர், நம் கணக்கில் 1.896 மீட்டர். ஒரு கிளாஃப்டருக்கு 6 அடி, ஓர் அடிக்கு 12 அங்குலம், ஆக 72 அங்குலம். தாளில் ஓர் அங்குலம் தரையில் 400 கிளாஃப்டர் என்று வைத்தார்கள். 400 × 72 = 28,800. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்று வைத்து வந்த நம் பழைய 1:63,360 படமும் இதே வழியில் பிறந்ததுதான்.

ஆஸ்திரியா 1763-இல் தொடங்கிய முதல் ராணுவ அளவையும், 1806-இல் தொடங்கிய இரண்டாம் அளவையும் இந்த அளவில் வரைந்தவை. நிலவரிப் படங்கள் 1:2,880. அங்கே ஓர் அங்குலம் 40 கிளாஃப்டர். ஒரு சதுர அங்குலம் 1,600 சதுர கிளாஃப்டர். அதுவே ஒரு யோஹ், அவர்களுடைய ஏக்கர் மாதிரி. வரி எழுத்தர் அங்குலக் கட்டம் போட்ட கண்ணாடியை வயலின் மேல் வைத்து எண்ணினால் பரப்பளவு வந்துவிடும். இவ்வளவு அழகான ஏற்பாட்டை மீட்டர் கணக்கில் பார்த்து விநோதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

உயரங்கள் மட்டும் கவனம். அந்தக் காலப் படத்தில் 1,183 என்று ஒரு சிகரத்துக்குப் போட்டிருந்தால் அது மீட்டர் அல்ல. 1.896-ஆல் பெருக்குங்கள், 2,243 வரும். அடிக் கணக்கில் எழுதிய பட்டியல் என்றால் 0.316-ஆல் பெருக்க வேண்டும். 1869-இல் தொடங்கிய மூன்றாம் அளவைதான் மீட்டருக்கு மாறி, 1:25,000-இல் களத்தில் வரைந்து, 1:75,000-ஆக அச்சிட்டது.

கே: ஷீட்டின் ஓரத்தில் 1914 என்று இருக்கிறது. அப்படியானால் அது போருக்கு முந்தைய நிலையைக் காட்டும் என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஷீட்டில் அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று மூன்று இருக்கலாம். ஆஸ்திரிய ஷீட்டின் கீழ் விளிம்பில் ‘நாஃக்ட்ரேகெ’ என்ற சொல்லோடு தேதி இருந்தால், அது பின்சேர்க்கையின் தேதி. ரயில் பாதை, புதுச் சாலை போன்ற சிலவற்றைச் சேர்த்திருப்பார்கள்; காடு, வயல், ஒற்றையடிப் பாதை எல்லாம் பழைய அளவையாகவே இருக்கும். இத்தாலியத் தாளில் ‘ரிலியேவோ’ என்றால் அளவை, ‘ரிகொக்னிசியோனே’ என்றால் பிற்பாடு களத்தில் போய்ச் சரிபார்த்தது.

எழுத்தைவிடப் படத்தையே சாட்சிக்குக் கூப்பிடுவது நல்லது. இந்தப் பள்ளத்தாக்கு அதற்கு மிக வசதியானது. யெசெனிட்செயிலிருந்து கோரிட்சியா வழியாக ட்ரியெஸ்தே போகும் மலை ரயில் பாதை 1906-இல் திறந்தார்கள். அது இல்லாத ஷீட் என்ன தேதி போட்டிருந்தாலும் உள்ளடக்கம் அதற்கு முந்தையது. வர்ஷிச் கணவாய்ச் சாலையை 1915–16-இல் ரஷ்யப் போர்க் கைதிகளைக் கொண்டு போட்டார்கள். 1916 மார்ச்சில் பனிச்சரிவில் அவர்களில் பலர் அங்கேயே புதைந்துபோனார்கள். அந்த 1,611 மீட்டர் கணவாயில் வளைந்து வளைந்து ஏறும் வண்டிச் சாலை தெரிந்தால் படம் போர்க்காலத்தது, அல்லது அதற்குப் பிந்தையது. மோஸ்ட் நா சோச்சியில் இரண்டு ஆறுகள் ஒல்லியாகச் சேர்ந்தால் 1930-களின் இறுதிக்கு முன். அகலமான ஏரியாகத் தெரிந்தால் டொப்லார் மின்நிலையத்துக்காக அணை கட்டியதற்குப் பின். கோரிட்சியாவுக்குக் கிழக்கே கட்டம் கட்டமாகப் புது நகரம் இருந்தால் அது நோவா கோரிட்சா, 1948-இல் கட்டத் தொடங்கியது.

சோல்கான் ரயில் பாலத்தை மட்டும் தேதிக்கு நம்பாதீர்கள். 85 மீட்டர் அகல ஒற்றைக் கல் வளைவு, 1916-இல் தகர்க்கப்பட்டு 1927-இல் மறுபடி கட்டி முடிக்கப்பட்டது. இடையில் இரும்புப் பாலம் இருந்தது. படத்தில் எல்லாக் காலத்துக்கும் ஒரே பாலக் குறிதான்.

கே: 1:75,000 ஷீட்டை க்யூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் ஏற்றினேன். மூலையில் போட்டிருக்கும் தீர்க்கரேகையைக் கொடுத்தால் படம் ருமேனியாவுக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது. கழித்துப் போட்டாலும் சில நூறு மீட்டர் தள்ளியே நிற்கிறது. என்ன செய்ய? (ஆய்வு மாணவர், கோவை)

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தப் பாகை கிரீன்விச்சிலிருந்து எண்ணியது அல்ல, கேனரித் தீவுகளில் ஒன்றான ஃபெர்ரோவிலிருந்து எண்ணியது. வித்தியாசம் 17°40'. மூலையில் 31°00' என்றால் நம் கணக்கில் 13°20'. வலது மூலையில் 31°30' என்றால் 13°50'. இத்தாலிய ஷீட் என்றால் ரோமின் மொன்டே மரியோ குன்றிலிருந்து எண்ணியிருப்பார்கள், அதற்கு 12°27'08" கூட்ட வேண்டும். ஒரே கோபரீத் ஆஸ்திரியப் படத்தில் சுமார் 31°15', இத்தாலியப் படத்தில் சுமார் 1°08', இன்றைய படத்தில் 13°35'.

கையால் கழிக்காதீர்கள். ஜியோரெஃபரென்சரில் (படத்தைப் பூமியின் மேல் பொருத்தும் கருவி) இபிஎஸ்ஜி 4805 என்ற ஆயத்தொகுதியைத் தேர்ந்தெடுத்து, ஷீட்டில் உள்ள ஃபெர்ரோ பாகையையே நேராகக் கொடுங்கள். அந்தத் தொகுதி, அன்றைய அளவையாளர்கள் பூமியின் வடிவமாக எடுத்துக்கொண்ட பெசெல் நீள்கோளத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கும். வெறுமனே 17°40' கழித்து, இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-இல் போட்டதுதான் உங்கள் சில நூறு மீட்டர் பிழைக்கு முதல் காரணமாக இருக்கும். இரண்டாவது காரணம் ஃபெர்ரோவே. சிலர் 17°40' என்பார்கள், சிலர் 17°39'46" என்பார்கள். அந்த 14 விநாடி இந்த அட்சரேகையில் கிட்டத்தட்ட 300 மீட்டர். முழுப் படமும் ஒரே திசையில், கிழக்கு–மேற்காக, ஒரே அளவு தள்ளி நின்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஸ்கேன், 400 டிபிஐ, சாம்பல் நிறத்தில், டிஃப் கோப்பாக. அப்போது ஒரு பிக்சல் தரையில் 4.8 மீட்டர். 300 டிபிஐ என்றால் 6.4 மீட்டர், தூரத்துக்குப் போதும். ஆனால் மலைச்சரிவைக் காட்டும் சரிவுக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சின்ன ஊர்ப் பெயர்களைத் தின்றுவிடும். கைபேசியில் எடுத்த படம் வேண்டாம். லென்ஸின் வளைவை எந்தக் கணக்காலும் முழுதாக எடுக்க முடியாது.

பிறகு ஸ்கேல் வைத்து உள்சட்டத்தை அளந்து பாருங்கள். 46°00'-இல் கீழ் விளிம்பு 51.6 செ.மீ., 46°15'-இல் மேல் விளிம்பு 51.4 செ.மீ., உயரம் 37.0 செ.மீ. இருக்க வேண்டும். அகலம் 51.1 என்று வந்து உயரம் சரியாக இருந்தால் தாள் ஒரு பக்கமாகச் சுருங்கியிருக்கிறது. ஈரத் தாளில் அச்சிட்டுக் காயவைத்த படங்களில் இது சகஜம். ஒரு சதவீதச் சுருக்கம் என்றால் விளிம்புக்கு விளிம்பு 5 மி.மீ., தரையில் 390 மீட்டர். அப்படிப்பட்ட தாளுக்கு எல்லாத் திசையிலும் ஒரே அளவு இழுக்கும் ‘ஹெல்மெர்ட்’ மாற்றம் உதவாது. முதல் படிப் பல்லுறுப்பு மாற்றம் போடுங்கள், அது அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே இழுக்கும்.

நான்கு உள்மூலைகளையும் கொடுங்கள். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்: 31°30' என்பதை 31.30 என்று அடித்துவிடுவார்கள். அது 31.5. அதே மாதிரி 46°15' என்பது 46.25, அதை 46.15 என்று அடித்தால் படம் 11 கி.மீ. தெற்கே போகும்.

மூலைகள் உட்கார்ந்த பிறகு எட்டுப் பத்துப் புள்ளிகளில் சரிபாருங்கள். தேவாலயக் கோபுரம், சிகரம், சாலைச் சந்தி இவை நல்லவை. கோபுரங்களை நிலஅளவையாளர்களே குறிவைத்து அளந்தார்கள். ஆற்றங்கரை வேண்டவே வேண்டாம். போவெட்ஸுக்குக் கீழே சோச்சாவின் கூழாங்கல் படுகை ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இடம் மாறும். கோபுரத்திலும் ஓர் எச்சரிக்கை: போர்முனையில் நின்ற கிராமங்களின் தேவாலயங்கள் இடிந்து, சில வேறிடத்தில் எழும்பியிருக்கலாம். ஒரு புள்ளி மட்டும் தனியாக 200 மீட்டர் முரண்டு பிடித்தால் கணக்கைத் திருத்தாதீர்கள், கோபுரத்தின் கதையைப் பாருங்கள். மற்றப் புள்ளிகள் தாளில் ஒரு மில்லிமீட்டருக்குள், அதாவது 75 மீட்டருக்குள் வந்தால் அச்சுப் படத்துக்கு அது நல்ல பொருத்தம்.

புள்ளிகளுக்கு ஏற்பப் படத்தை வளைக்கும் ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ முறையைப் போட்டால் பிழை பூஜ்யம் என்று காட்டும். மயங்காதீர்கள். நீங்கள் வைத்த புள்ளியில்தான் அது பூஜ்யம். பள்ளத்தாக்கில் பத்துப் புள்ளி வைத்து மலைமேல் ஒன்றுமே வைக்காவிட்டால், சிகரங்களை ரப்பர் மாதிரி இழுத்துவிடும். மலைப்பகுதியில் புள்ளிகள் இயல்பாகவே பள்ளத்தாக்கில்தான் குவிகின்றன. துணி ஒட்டிய ஷீட் என்றால் மட்டும் வேறு வழி. அதைத் துண்டு துண்டாக வெட்டி, மடிக்க வசதியாக இடைவெளி விட்டு ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் தனிப் படமாக வெட்டி எடுத்துத் தனித்தனியே பொருத்துங்கள், வேலை அதிகம்தான்.

கே: பக்கத்துப் பக்கத்து ஷீட்டுகளைத் தரையில் பரப்பி ஒட்டினால் நடுவில் இடைவெளி விழுகிறது. (வாசகர், கோலாலம்பூர்)

விழத்தான் செய்யும். மேலே சொன்ன 51.6-க்கும் 51.4-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஷீட்டும் ஒரு சரிவகம். பூமியைப் பல பட்டை வைத்த கல்லாகப் பாவித்து, ஒரு பட்டைக்கு ஒரு ஷீட் என்று வரைந்த முறை இது. இரண்டு ஷீட்டைச் சேர்க்கலாம். நான்கைச் சுற்றிச் சேர்த்தால் ஓரிடத்தில் பிளவு வரும். பெரிய சுவரொட்டியாக வேண்டும் என்றால் கணினியில் ஜியோரெஃபரென்ஸ் செய்து, ஒரே ஆயத்தொகுதிக்கு மாற்றி, பிறகு சேர்த்து அச்சிடுங்கள்.

கே: மலை முழுக்கக் கறுப்பு முடி முளைத்த மாதிரி கோடுகள். சரிவை இதிலிருந்து கணக்கிட முடியுமா? (வாசகி, சென்னை)

அவை சரிவுக்கோடுகள், தண்ணீர் ஓடும் திசையில் போட்டவை. சாக்ஸனிய அதிகாரி லேமான் 1799-இல் இதற்கு ஒரு விதி கொடுத்தார்: கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள விகிதம், சரிவுக் கோணத்துக்கும் 45-இலிருந்து அதைக் கழித்த மீதிக்கும் உள்ள விகிதம். 15° என்றால் 15:30, ஒரு பங்கு மைக்கு இரண்டு பங்கு வெள்ளை. 30° என்றால் தலைகீழ். 45°-க்கு எல்லாம் கறுப்பு. ஆனால் இந்த விதியை ஆல்ப்ஸில் அப்படியே போட்டால் தாள் முழுக்க மையாகிவிடும் என்பதால் வியன்னாவில் அதை மாற்றிக்கொண்டார்கள். ஆகவே லேமான் அட்டவணையை வைத்து 1:75,000 ஷீட்டில் கோணம் அளக்காதீர்கள். அதே ஷீட்டில் சரிவுக்கோடுகளுக்கு அடியில் 100 மீட்டருக்கு ஒன்றாக மெல்லிய சமவுயரக் கோடு ஓடுகிறது. உருப்பெருக்கியால் அதைப் பிடியுங்கள்.

சமவுயரக் கோட்டை எண்ணும்போதும் யார் வரைந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரிய 1:25,000-இல் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர், இத்தாலிய 1:25,000-இல் 25 மீட்டர். 500 மீட்டர் சரிவுக்கு ஒன்றில் 25 கோடு, மற்றதில் 20. இரண்டையும் பக்கத்தில் வைத்து நெருக்கத்தை மட்டும் கண்ணால் ஒப்பிட்டால், இத்தாலியப் பக்கம் மலை தணிந்துவிட்டதாகத் தோன்றும்.

கே: சோச்சா ஆறே எல்லையாக இருந்ததா? படத்துக்குப் படம் எல்லைக்கோடு மாறுகிறதே. (வாசகர், திருநெல்வேலி)

இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி அதிகம் தவறாக நினைப்பது இதைத்தான். சோச்சா போர்முனையாக இருந்தது. நிலையான நாட்டெல்லையாக ஓடியது பக்கத்துச் சிற்றாறு யுத்ரியோவும், அதற்கு வடக்கே மத்தயூர், கொலொவ்ராத் மலைமுகடுகளும். 1866-இல் வெனெட்டோ இத்தாலிக்குப் போனபோது ஆஸ்திரியாவோடு இருந்த எல்லை அது. 1920 நவம்பர் ராப்பல்லோ உடன்படிக்கையில் கோடு கிழக்கே நீர்பிரி முகட்டுக்கு, 2,864 மீட்டர் ட்ரிக்லாவுக்கு நகர்ந்தது. மேல் சோச்சா முழுதும் இத்தாலிக்குள் வந்தது. 1947 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு வடக்கில் பெரும்பாலும் பழைய 1866 முகட்டுக்கே திரும்பிவிட்டது. தெற்கில் மட்டும் கோரிட்சியா நகரத்தை அறுத்துக்கொண்டு போனது. நகரம் இத்தாலியில், 1906-இன் மலை ரயில் நிலையம் யூகோஸ்லாவியாவில், இரண்டுக்கும் நடுவில் நிலையத்தின் முன்வாசல் சதுக்கம். பெரிய அளவு நகரப்படத்தில் அந்தச் சதுக்கத்தின் மேலேயே எல்லைக்கோடு ஓடுவதைப் பார்க்கலாம்.

படத்தில் பார்க்கும்போது கோட்டையும் நிலத்தையும் பிரித்துப் பாருங்கள். எல்லை மாறினால் புதிதாக அளப்பதற்கு வருடங்கள் ஆகும். பழைய தகட்டின் மேல் புதுக் கோட்டை அச்சடிக்க ஒரு மாதம் போதும். எல்லையைத் தாண்டியதும் ஒற்றையடிப் பாதைகளும் நீரூற்றுக் குறிகளும் திடீரென்று அரிதாகிப்போனால், அங்கே மனிதர்கள் நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அளப்பவர் அங்கே நடக்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்தின் ஷீட்டைத்தான் எடுக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டுக்கும் இதே நியாயம்: ஹாப்ஸ்பர்க் பக்கத்துக்கு முதல் ராணுவ அளவை, வெனிஸ் பக்கத்துக்கு ஆன்டன் ஃபொன் ஸாஹ் 1798 முதல் 1805 வரை நடத்திய அளவை. இரண்டையும் பார்க்காமல் எல்லைக் கிராமம் எதைப் பற்றியும் எழுத வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கே: மூலத்தைப் பார்க்க வியன்னாவுக்கா போக வேண்டும்? (வாசகர், ஈரோடு)

தேவையில்லை. மூன்று ராணுவ அளவைகளும் ஆர்க்கானம் மேப்ஸ் தளத்தில் (முன்பு மேப்பயர்) இன்றைய படத்தின் மேல் பொருத்திக் கிடைக்கின்றன. ஆனால் அங்கே ஷீட்டுகளை உள்சட்டத்தை ஒட்டி வெட்டிச் சேர்த்திருப்பதால் ஓரக் குறிப்புகளும் பின்சேர்க்கைத் தேதியும் தெரியாது. ஊரைக் கண்டுபிடிக்க அது போதும். ஆண்டைச் சொல்ல வேண்டுமானால் ஓரம் வெட்டாத முழு ஸ்கேனை நூலகச் சேகரிப்பில் தேடி எடுங்கள்.